வெட்டுப்பலகைக்கு லிக்விட் பரஃபின்

கொழும்புப் பார்மசிகளில் போத்தலில் விற்கும் மருந்துத்தர லிக்விட் பரஃபின் என்ற கனிம எண்ணெய்தான் பலா, தேக்குப் பலகைகளுக்கு நம்பிப் பூசக்கூடியது. மணமில்லை, சிக்கு வாடையும் வராது. நல்லெண்ணெயும் சூரியகாந்தி எண்ணெயும் நாளடைவில் கெட்டுப் பிசுபிசுக்கும். வார்னிஷ் வேண்டவே வேண்டாம், கத்தி பட்ட இடத்தில் செதிலாக உரியும். பரஃபின் என்ற பெயரை நம்பி விளக்கெரிக்கும் எண்ணெய் வகைகளை வாங்கிவிடாதீர்கள்!

முதலில் 220 இலக்க உப்புத்தாளால் தேய்த்து, ஈரத்துணியால் துடையுங்கள். காய்ந்ததும் நார் எழும்பும். மறுபடி தேய்த்தால்தான் வழவழப்பு நிற்கும். இந்த ஊர் ஈரக்காற்றில் பலகை உள்ளே காய ஒரு முழு நாளாவது விடவேண்டும். அவசரப்பட்டால் எண்ணெய் இறங்காது. பிறகு தாராளமாகப் பூசி, சில மணி நேரத்தில் மிச்சத்தைத் துடைத்து, மூன்று நான்கு தடவை திருப்பிச் செய்யுங்கள். நார் குறுக்கே வெட்டுப்பட்ட முனைகள் எண்ணெயை அதிகம் குடிக்கும். ஒரு பக்கம் மட்டும் பூசினால் பலகை வளையும்.

குறை ஒன்றுண்டு: இது இறுகாது, சவர்க்காரத்தில் கழுவக் கழுவப் போய்விடும். நான்கு பங்கு பரஃபினுக்கு ஒரு பங்கு தேன்மெழுகு, நிறைப்படி, வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்து உருக்கிப் பூசினால் கூடுதல் நாள் தாங்கும். தண்ணீர்த்துளி முத்தாக நிற்காமல் உறிஞ்சப்பட்டால், அடுத்த பூச்சுக்கு நேரம் வந்துவிட்டது.