மயிலாப்பூர் குளக்கரை மாடல்: கிரே போர்டா, கிளேயா, 3டி பிரிண்டா?

கபாலீஸ்வரர் கோயில் தெப்பக்குளத்தைச் சுத்தி ஜனங்க உக்கார, நடக்க என்ன பண்ணலாம்னு யோசிக்க 1:200 அளவுல ஒரு ஸ்டடி மாடல் பண்ணேன். கிளே, 3டி பிரிண்ட், கிரே போர்டுங்கற சாம்பல் கலர் தடி அட்டைன்னு மூணு வழி இருந்துச்சு, நான் எடுத்தது கிரே போர்டு, மறுபடி பண்ணாலும் அதேதான் எடுப்பேன்.

விலையில அட்டைதான் சீப்பு, அது எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். பாக்க அழகுன்னா பிரிண்ட். சுமார் 120 அடி ராஜகோபுரம் இந்த அளவுல 18 செ.மீ தான் வரும், அதோட நிலைகளையெல்லாம் அட்டையில கொண்டுவர நெனச்சா கை வலிதான் மிச்சம். கிளே எடுத்த உடனே உருவம் கொடுக்கும், வளைவு நெளிவா ஏதாவது யோசிக்கிறீங்கன்னா தாராளமா அதுல ஆரம்பிங்க, ஆனா நம்ம சென்னை வெயில்ல பிளாஸ்டிசின் கிளே இளகி படிக்கட்டு விளிம்பெல்லாம் மழுங்கிடும்.

என்னைப் பொறுத்தவரை முடிவு பண்ண வேண்டிய விஷயம் ஒண்ணுதான், செஞ்சதை எவ்ளோ சீக்கிரம் மாத்த முடியுதுங்கறது. மாடல்ல 1 செ.மீ நகத்தினா நெசத்துல 2 மீட்டர், அதுக்குள்ள ஒரு பூக்கடையும் நடக்கற வழியும் வந்துடும். பிரிண்ட்ல அதை மாத்தணும்னா ஃபைலைத் திறந்து திருத்தி மறுபடி மணிக்கணக்குல ஓடவிடணும், அதுக்கு சோம்பல்பட்டே பழைய டிசைன் பரவால்லன்னு மனசு சமாதானம் ஆயிடும், அதுதான் எனக்குப் பயம். அட்டையில குண்டூசியைப் பிடுங்கி வேற இடத்துல குத்தினா முடிஞ்சுது. அதனால கடைசி வரைக்கும் ஃபெவிகாலைத் தொடவே தொடாதீங்க, ஊசியும் டபுள் சைடு டேப்பும் போதும்.

இன்னொரு வசதி, போர்டோட தடிமனே ஒரு அளவுகோல். 2 மி.மீ போர்டு ஒரு அடுக்கு வெச்சா 40 செ.மீ, ஒருத்தர் கால் தொங்கப்போட்டு உக்கார சரியான உயரம். ஒரு அடுக்கு வெச்சா திண்ணை, ரெண்டு வெச்சா சாஞ்சு நிக்கற கைப்பிடிச் சுவர் மாதிரி, அளந்து பாக்கவே வேண்டாம். பக்கத்துல 8 மி.மீ உயரத்துல ஆளுங்களை வெட்டி நிறுத்திட்டா எது பொருந்தலைன்னு கண்ணுக்கே தெரியும். பங்குனித் தேர் மாட வீதியில திரும்பணுமே, அதுக்கு ஒரு அட்டைத் தேர் பண்ணி முனையில கையால தள்ளிப் பாத்தேன், அங்க நிரந்தர பெஞ்ச் எதுவும் கூடாதுன்னு அப்பவே தெளிவாயிடுச்சு, முனையில இருந்த திண்ணையெல்லாம் உடனே பிடுங்கி உள்ள தள்ளியாச்சு.

மாடலை மொட்டை மாடிக்குத் தூக்கிட்டுப் போய் வடக்கு பாத்து வெச்சா அந்த நேரத்துல அந்த இடத்துல விழற நிழல் அப்படியே மாடல்லயும் விழும். சாயங்காலம் ராமகிருஷ்ணா மடம் ரோடு பக்கத்துக் கட்டடங்களோட நிழல் குளத்தோட மேற்குக் கரையைப் பாத்து நீளுது, கோயில் பக்கத்துக் கரை வெயில்ல காயுது. பெரும்பாலான திண்ணைகளை மேற்குக்கு மாத்தினதுக்கு இதுதான் காரணம். அப்புறம் போனைத் தலைகீழாப் பிடிச்சு கேமராவைத் தரையோட ஒட்டி வெச்சு போட்டோ எடுங்க, மேலேர்ந்து பாக்கறப்போ விசாலமா தெரிஞ்ச சந்து ஆள் உயரத்துல எவ்ளோ நெருக்கம்னு புரியும்.

மாடல் பண்ண சிலர் எடுக்கற பால்சாங்கற லேசான மரத்துல நான் அதிகம் வேலை செஞ்சதில்ல, அதனால அதைப் பத்தி அடிச்சு சொல்ல மாட்டேன். டிசைனை மதிப்பிடற ஜூரிக்கு வெக்கற ஃபைனல் மாடல்னா கோபுரத்தை மட்டும் பிரிண்ட் போட்டு அட்டை வீதிக்கு நடுவுல வெச்சுக்கலாம், ஆனா பிரிண்டுக்குப் போடற பிஎல்ஏ பிளாஸ்டிக் 60 டிகிரி செல்சியஸ் பக்கத்துலயே இளக ஆரம்பிச்சுடும், வெயில்ல நிக்கற கார்ல விட்டுட்டுப் போகாதீங்க. அட்டை வெட்டறவங்க ஸ்டீல் ஸ்கேல் வெச்சு லேசா நாலஞ்சு இழுப்பு இழுங்க, ஒரே அழுத்துல வெட்டப் போனா பிளேடு விலகி விரல்லதான் ஏறும்.