ஒற்றைச் சொல் நாவல்கள்: நூலகத் தவணைக்குள் எதை எடுப்பது?

நூலகத்தில் நாவல் அலமாரியின் முன்னால் நின்றால், முதுகில் ஒரே சொல் இருக்கும் புத்தகத்தைத்தான் என் கை முதலில் உருவும். ஒரு சொல்லைப் பெயராக வைத்தவர் அந்தச் சொல்லைக் கொஞ்சமாவது மாற்றிக் காட்ட வேண்டாமா?

அசோகமித்திரனின் ‘தண்ணீர்’, சோ. தர்மனின் ‘சூல்’ இரண்டையும் முதலில் எடுத்துக்கொள்கிறேன். இரண்டும் தண்ணீர்க் கதைதான். கேட்டு வாங்குவதில்தான் சிக்கல். ‘தண்ணீர்’ என்றால் கோமல் சுவாமிநாதனின் ‘தண்ணீர் தண்ணீர்’ நாடகம் கைக்கு வர வாய்ப்புண்டு. ‘சூல்’ என்றால் எந்த லகரம் என்ற விசாரணையே தனியாக நடக்கும்.

‘தண்ணீர்’ மெலிந்த புத்தகம், இரண்டு மாலையில் முடிந்துவிடும். சென்னையில் ஒரு தெரு, வற்றிப்போன குழாய், குடத்தோடு அலையும் பெண்கள். சினிமாவில் சில்லறை வேடங்களுக்குக் காத்திருக்கும் ஜமுனாவும் தங்கை சாயாவும் அங்கேதான் இருக்கிறார்கள். அசோகமித்திரன் குரலை உயர்த்துவதே இல்லை. தண்ணீர் எதற்குக் குறியீடு என்று ஒரு வரி விளக்கமும் கிடையாது. அதே தெருவில் இருக்கும் டீச்சரம்மா தன் கல்யாண வாழ்க்கையை ஜமுனாவிடம் சொல்லும் பகுதிக்கு வரும்போது, பிடிக்கவேண்டிய குடத்தைத்தவிர வேறு எதுவும் நிச்சயமில்லாத வாழ்க்கை அது என்று நமக்கே தெரிந்துவிடும். கதை நடந்து ஐம்பது வருஷம் ஆகியும், கோடையில் படித்தால் பக்கத்துத் தெருவில் நடப்பதுபோலத்தான் இருக்கிறது.

‘சூல்’ இதற்கு நேர் எதிர். ஆளைவிடக் கண்மாய்தான் கதாநாயகன். எட்டயபுரம் ஜமீன் காலத்து உருளைகுடி, ஊரே சேர்ந்து கரையைக் காக்கும் மராமத்து, நீர்ப்பாய்ச்சி, மீன், பறவை, மரம், சாமி என்று விரிந்துகொண்டே போகிறது. நிறைந்த கண்மாயை நிறைசூலியாகப் பார்க்கும் சொல் அந்தத் தலைப்பு. நாவல் முன்னால் நகர நகர, ஊர்க்காரன் கையைவிட்டு நிர்வாகம் போனபின் கண்மாய்க்கு என்ன ஆகிறது என்பதும் தெரிகிறது. 2019இல் சாகித்ய அகாதமி விருது வாங்கியது. என் குறை ஒன்று உண்டு: பழைய ஊர் கொஞ்சம் அதிகமாகவே நல்ல ஊராக இருக்கிறது. பெயர்களும் கிளைக்கதைகளும் ஏராளம், நடுவில் நான்கு நாள் மூடி வைத்தால் யார் யார் என்று மறந்துவிடும். ஒருமுறை புதுப்பிக்கத் தயார் என்றால் எடுங்கள். ஒன்றுதான் முடியும் என்றால் என் கை ‘தண்ணீர்’ பக்கம்தான் போகும்.

அடுத்த ஜோடி ‘வாடிவாசல்’, ‘வெக்கை’. இரண்டிலும் கணக்குத் தீர்க்கும் பையன்கள். சி.சு. செல்லப்பாவின் பிச்சி, தன் அப்பனைக் குத்திக் கொன்ற காரிக் காளையை அடக்க வருகிறான். பூமணியின் சிதம்பரம், அண்ணனைக் கொன்றவனை வெட்டிவிட்டு அய்யாவோடு காட்டுக்குள் ஓடுகிறான். ‘வாடிவாசல்’ ஒரே நாள், ஒரே திடல். இதை வீட்டுக்கு எடுத்துப் போகவே வேண்டாம், நூலக நாற்காலியிலேயே முடித்துவிடலாம். கடைசியில் ஜமீன்தார் செய்யும் காரியத்துக்காகவே படிக்கலாம், அப்புறம் ஜல்லிக்கட்டை வெறும் வீர விளையாட்டாகப் பார்க்க வராது.

‘வெக்கை’யை, அதிலிருந்து எடுத்த ‘அசுரன்’ படத்தைப் பார்த்தவர்கள் தள்ளிவிடுவார்கள். தள்ள வேண்டாம். படத்தின் வேகம் இதில் இல்லை. தப்பி ஓடும் அப்பனும் மகனும் பசிக்குக் கிடைத்ததைத் தின்பதும், பதுங்கிக் கிடப்பதும், பழையதைப் பேசுவதும்தான் அதிகம். கொலைக்குப் பிறகும் பையன் பையனாகவே இருக்கிறான், அதுதான் படிக்கும்போது வயிற்றைப் பிசைகிறது. கரிசல் பேச்சு முதல் இருபது பக்கம் தடுக்கும், அப்புறம் காது பழகிவிடும். இந்த ஜோடியில் அட்டையில் பதிந்துகொள்ள வேண்டியது இதுதான்.

ஜோ டி குரூஸின் ‘கொற்கை’, பூமணியின் ‘அஞ்ஞாடி’ இரண்டும் சாகித்ய அகாதமி விருது பெற்றவை, இரண்டும் ஆயிரம் பக்கத்தைத் தாண்டியவை. தவணைத் தேதி குத்திய தாளை ஒட்டிக்கொண்டு படிக்கிற புத்தகங்கள் இல்லை. காசு சேர்த்து வாங்கிக்கொள்ளுங்கள்.