பட்டறை மேசைக்குப் பலாப் பலகையா, மரைன் பிளைவுட்டா?

கடலூர் முதுநகரில் எங்கள் வீட்டுப் பின்கட்டில் நானே செய்த இரண்டு பட்டறை மேசைகள் இருக்கின்றன. வீட்டுக்கு யார் வந்தாலும் முதலில் அங்கேதான் கூட்டிப் போவேன்.

ஒன்று பலா. 2011 டிசம்பர் 30 அன்று ‘தானே’ என்ற புயல் அடித்தபோது பண்ருட்டிப் பக்கம் ஏராளமான பலா மரங்கள் சாய்ந்தன. அப்படி விழுந்த ஒன்றை மாமா அறுத்து வைத்திருந்தார். அதில் நாலு பலகை எனக்கு வந்தது. இழைப்புளி போட்ட அன்று மஞ்சள் அரைத்துப் பூசியது போல இருந்தது. இப்போது தேன் நிறமும் தாண்டி நல்ல பழுப்பு. வைரம் பாய்ந்த பகுதியை மட்டும் வைத்துக்கொண்டு வெளிறிய ஓரத்தைக் கழித்துவிட்டேன். பூச்சி முதலில் அங்கேதான் ஏறும். மழைக்காலத்தில் பலகை அகலவாக்கில் உப்பும், அதற்காக இடையிடையே சிறு சந்து விட்டிருக்கிறேன்.

இன்னொன்று தண்ணீர் தாங்கும் மரைன் பிளைவுட், அதற்கான இந்தியத் தர எண் ஐ.எஸ். 710 முத்திரை போட்ட 18 மி.மீ. ஷீட். எட்டுக்கு நாலடி ஷீட், ஒரே நாளில் மேசை தயார். உப்புகிற தொல்லை இல்லை. ஆனால் விளிம்பில் ஸ்க்ரூ சரியாகப் பிடிக்காது, அறுத்த ஓரத்துக்குப் பெயின்ட் அடித்தே ஆக வேண்டும்.

எதுவானாலும் சாதா இரும்பு ஸ்க்ரூ வேண்டாம். உப்புக்காற்றில் துருப்பிடித்துவிடும், எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) போடுங்கள்.

பெயின்ட், சாலிடரிங் வேலைக்குப் பிளைவுட் போதும். பொருளை இறுக்கிப் பிடிக்கும் வைஸ் மாட்டிச் சுத்தியலால் அடிக்கிற வேலைக்குப் பலாதான். அக்கா மகன் உளி பிடிக்கப் பழகுவதும் அதன்மேல்தான்.