மலையகத்தில் நாய்க்குட்டிக்கு ஊசி: முகாமா, டவுன் கிளினிக்கா, பேராதனையா?

ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியா, பண்டாரவளைப் பக்கம் நாய்க்குட்டி வாங்கியவருக்கு மூன்று வழி உண்டு: சுகாதாரத் துறையின் இலவச ஊசி முகாம், டவுனிலுள்ள தனியார் மிருக வைத்தியர், பேராதனைப் பல்கலைக்கழகத்தின் மிருக வைத்தியப் போதனா வைத்தியசாலை. முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். விசர்நாய் ஊசிக்கு முகாமே போதும். குட்டிகளைக் கொல்லும் வைரஸ் நோய்களான பார்வோ, டிஸ்டெம்பர் ஆகியவற்றின் ஊசிகளுக்கு ஒழுங்கான ஃப்ரிட்ஜ் வைத்திருக்கும் டவுன் கிளினிக். பேராதனைக்கு அலைவது நோய் வந்த குட்டிக்காக இருக்கட்டும்.

முகாமில் குறை சொல்ல அதிகமில்லை. தோட்டத்துக்கே வருகிறார்கள், காசு வாங்குவதில்லை. ஆனால் அங்கே போடுவது விசர் நோய்க்கான ஊசி மட்டும். "அதுதான் ஊசி போட்டாச்சே" என்று லயன் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடு) வாசலில் விட்ட குட்டி, அடுத்த மாதமே பார்வோ வந்து இரத்தமாகக் கழிந்து செத்துப்போவது இங்கே புதிதல்ல. மூன்று மாதம் ஆகுமுன் விசர் ஊசி போட்ட குட்டிக்கு, மூன்று மாதம் தாண்டியதும் இன்னொன்று போட வேண்டும். பிறகு வருடா வருடம். அந்த இரண்டாவது ஊசி நேரத்தில் முகாம் வருமா என்று எம்.ஓ.எச். (சுகாதார வைத்திய அதிகாரி) அலுவலகத்தில் விசாரியுங்கள். வராதென்றால் காத்திருக்காமல் கிளினிக்கில் போட்டுவிடுங்கள். முகாமுக்கு ஊரிலுள்ள நாயெல்லாம் வரும். குட்டியைத் தரையில் விடாமல் கையிலேயே வைத்திருங்கள். தருகிற கார்டைத் தொலைக்காதீர்கள். நாய் யாரையாவது கடித்தால் ஆஸ்பத்திரியில் முதலில் கேட்பது அதைத்தான். கார்ட் இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி, கடிபட்ட இடத்தைச் சவர்க்காரம் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போவதில் மாற்றமில்லை.

இனி டவுன் கிளினிக். இங்கேதான் இடத்துக்கு இடம் தரம் மாறுகிறது. கட்டடம், ஏ.சி., ஊசியின் பிராண்ட் எதையும் பார்க்க வேண்டாம், ஃப்ரிட்ஜைப் பாருங்கள். தடுப்பூசிகள் 2 முதல் 8 பாகை செல்சியஸுக்குள் இருக்க வேண்டும். நல்ல கிளினிக்கில் உள்ளே ஒரு வெப்பமானி தொங்கும், ஊசிக் குப்பிகள் கதவுத் தட்டில் இல்லாமல் நடுத்தட்டில் இருக்கும், பகல் சாப்பாட்டுப் பார்சல் பக்கத்தில் இருக்காது. கரண்ட் போனால் என்ன செய்வீர்கள் என்று கேளுங்கள். "நுவரெலியாக் குளிருக்கு மருந்து தாங்கும்" என்று பதில் வந்தால் எழுந்து வந்துவிடலாம். நமக்குத்தான் அது குளிர். நுவரெலியாவின் பகல் வெயிலும் 8 பாகையைத் தாண்டியதுதான். அதிகக் குளிரும் ஆகாது. விசர்நாய் ஊசி போன்ற கொல்லப்பட்ட கிருமி ஊசிகள் உறைந்தால் பழுது. ஐஸ் கட்டியோடு ஒட்டி வைத்த குப்பியை வாங்காதீர்கள்.

பார்வோ, டிஸ்டெம்பர், ஈரல் அழற்சி ஊசி பெரும்பாலும் இரண்டு சின்னக் குப்பிகளாக வரும். ஒன்றின் அடியில் வெளிறிய பவுடர் கட்டி, மற்றதில் திரவம். திரவத்தை உறிஞ்சி பவுடர் குப்பிக்குள் விட்டால் கட்டி சில நொடியில் கரையும். இந்தக் கலக்கல் உங்கள் கண்முன் நடக்க வேண்டும். கலந்தபின் அரை மணித்தியாலத்துக்குள் போட்டுவிட வேண்டியது; காலையில் கலந்து பின்னேரம் வரை வைத்திருக்கும் சிரிஞ்சில் உயிருள்ள வைரஸ் மிச்சமிருக்கும் என்று நம்ப முடியாது. கலந்த மருந்து முழுவதும் ஒரே குட்டிக்கு. குட்டி சின்னது, பாதி போதும் என்று ஒரு குப்பியை இரண்டாகப் பங்கிடும் பழக்கம் சுத்தப் பிழை. பொமரேனியனுக்கும் அல்சேஷனுக்கும் அளவு ஒன்றுதான். வயிற்றுப்பூச்சி மருந்தைத்தான் நிறை பார்த்துக் கொடுப்பது. ஊசி போட்டதும் குப்பியின் லேபலை உரித்து கார்டில் ஒட்டி, திகதி எழுதி, கையொப்பமிட வேண்டும். லேபல் இல்லாமல் "5 இன் 1" (ஐந்து நோய்க்கு ஒரே ஊசி) என்று பேனையால் மட்டும் கிறுக்கிய கார்டில் தொகுதி இலக்கமோ காலாவதித் திகதியோ இருக்காது.

ஊசிக்கு முன் டொக்டர் நிறை பார்க்கிறாரா, வெப்பமானி வைக்கிறாரா, உதட்டைத் தூக்கி முரசை (பல் ஈறை) பார்க்கிறாரா என்பதையும் கவனியுங்கள். குட்டியின் உடல் வெப்பம் 38 முதல் 39 பாகை வரை இருப்பது வழக்கம். காய்ச்சலோ கழிச்சலோ உள்ள குட்டிக்கு ஊசி போட மறுக்கும் டொக்டர்தான் நல்ல டொக்டர். திருப்பி அனுப்பினார் என்று கோபிக்காதீர்கள்.

பல கிளினிக்குகள் கோட்டை விடுவது கணக்கில். 6 கிழமையில் ஒன்று, 9 அல்லது 10 கிழமையில் ஒன்று, "முடிஞ்சது, அடுத்த வருசம் வாங்க" என்கிறார்கள். குட்டிக்குத் தாயின் சீம்பாலில் கிடைத்த எதிர்ப்புச் சக்தி ஊசியையும் சேர்த்தே அடித்துவிடும். அது சில குட்டிக்கு 8 கிழமையில் தீரும், சிலதுக்கு 14 கிழமை தாண்டியும் நிற்கும். ஒரே ஈற்றுக் குட்டிகளுக்குள்ளேயே வித்தியாசம் உண்டு. அதனால்தான் 6 முதல் 8 கிழமைக்குள் தொடங்கி, 3 அல்லது 4 கிழமைக்கு ஒருமுறை போட்டு, கடைசி ஊசி 16 கிழமையிலோ அதற்குப் பிறகோ விழ வேண்டும் என்கிறார்கள். எத்தனை ஊசி என்பதைவிட கடைசி ஊசி எத்தனையாம் கிழமையில் என்பதே கேள்வி. கிளினிக் 12 கிழமையில் கார்டை மூடினால், 16-ல் இன்னொன்று போடச் சொல்லி நீங்களே கேளுங்கள். ஆறு மாதத்துக்கும் ஒரு வயதுக்கும் இடையில் ஒரு பூஸ்டர் உண்டு.

எலிக்காய்ச்சல் ஊசியை இங்கே விடவே கூடாது. லயன் காணில் (வடிகாலில்) எலி, வருடத்தில் பாதி மழை, நாய் அதே காணில் தண்ணீர் குடிக்கும். நாய்க்கு வந்தால் அதன் சிறுநீரால் வீட்டாருக்கும் தொற்றலாம். இது 8 கிழமைக்குப் பின் 2 முதல் 4 கிழமை இடைவெளியில் இரண்டு தவணை, பிறகு வருடந்தோறும். இரண்டு வகைக் கிருமிக்கு உள்ளதும் நான்கு வகைக்கு உள்ளதும் உண்டு; நான்கு கிடைத்தால் அதையே வாங்குங்கள்.

பேராதனையில் மருத்துவத்துக்குக் குறைவில்லை. ஆனால் ஹட்டனிலிருந்து பஸ்ஸில் இரண்டு மணித்தியாலத்துக்கு மேல், கினிகத்தேனை வளைவுகள் வேறு. ஊசி முடியாத குட்டியை நோயுற்ற நாய்கள் வரும் வைத்தியசாலைக்குக் கொண்டுபோவதிலும் ஆபத்து இருக்கிறது. வாந்தி, இரத்தக் கழிச்சல், வலிப்பு, டவுன் டொக்டருக்குப் பிடிபடாத நோய் என்றால் யோசிக்காமல் போங்கள். வழக்கமான ஊசிக்கு வேண்டாம்.

நான்காவதாக ஒரு வழியும் புழக்கத்தில் இருக்கிறது: கடையில் குப்பி வாங்கி, ரெஜிஃபோம் பெட்டிகூட இல்லாமல் ஷொப்பிங் பையில் போட்டு வந்து, தோட்டத்தில் "ஊசி தெரிந்த" ஒருவரிடம் போட்டுக்கொள்வது. செலவு குறைவுதான். மருந்து பழுதானால் கண்டுபிடிக்க வழியில்லை, ஒவ்வாமை வந்தால் கையில் மாற்று மருந்தும் இல்லை.

எந்த கிளினிக்குக்குப் போனாலும் குட்டியை அட்டைப்பெட்டியில் பழைய பேப்பர் விரித்துக் கொண்டுபோங்கள். பஸ் நிலையத்திலும் கிளினிக் தரையிலும் இறக்க வேண்டாம். புறப்பட இரண்டு மணித்தியாலத்துக்கு முன் சாப்பாட்டை நிறுத்துங்கள். வளைவில் வந்த வாந்தியா, ஊசியால் வந்த வாந்தியா என்று பிறகு குழம்ப வேண்டியிருக்காது. போட்டபின் 20, 30 நிமிடம் அங்கேயே இருங்கள். முகம் வீங்கினால், உடம்பில் தடிப்பு எழும்பினால், மூச்சு வாங்கினால் உடனே டொக்டரிடம் காட்டுங்கள். பின்னேரம் மட்டும் திறக்கும் கிளினிக் என்றால் கதவு திறந்ததும் முதல் ஆளாகப் போவது நல்லது. கடைசி பஸ்ஸில் வீடு திரும்பியபின் முகம் வீங்கினால் தோட்டத்தில் யாரைத் தேடுவது? ஒரு நாள் சோர்வும், ஊசி போட்ட இடத்தில் சின்னக் கட்டியும் சாதாரணம்.

கடைசி ஊசி போட்டு இரண்டு கிழமை கழியும் வரை குட்டி வெளி நாய்களோடு திரியக் கூடாது. முன்பு பார்வோவில் நாய் செத்த வாசல் என்றால் இன்னும் கவனம் வேண்டும். அந்தக் கிருமி ஈர மண்ணில் மாதக்கணக்கில் கிடக்கும், பினைல் ஊற்றினால் சாகாது. சிமெந்துத் தரையை முதலில் தேய்த்துக் கழுவி, ப்ளீச் ஒரு பங்குக்கு 30 பங்கு தண்ணீர் கலந்து ஊற்றி, 10 நிமிடம் விடுங்கள். மண் வாசலுக்கு அதுவும் பலிக்காது. அப்படிப்பட்ட வீட்டுக்கு ஊசி முடிந்த, நான்கு மாதம் தாண்டிய நாயாகப் பார்த்து எடுங்கள்.