பைத்தானின் சாக்கெட், செலக்டர்ஸ்: காத்திருக்காத இணைப்புக்குப் போதுமா?

தனியாக எதையும் நிறுவ வேண்டாம். வலை இணைப்பை உண்டாக்கும் சாக்கெட், எந்த இணைப்பு தயார் என்று கவனித்துச் சொல்லும் செலக்டர்ஸ், இரண்டு மாட்யூலும் பைத்தானோடு கூடவே வருபவை. இணைப்பு முடியும்வரை நிரல் நிற்காமல் மற்ற வேலையைத் தொடர்வதே காத்திருக்காத இணைப்பு. இயங்குதளம் (ஓ.எஸ்.) எப்படி நடந்துகொள்கிறதோ, சாக்கெட் மாட்யூல் அதை ஏறக்குறைய அப்படியே கையில் கொடுத்துவிடும். பலமும் அதுதான், தொல்லையும் அதுதான்.

காத்திருக்காதே என்று சொல்லும் செட்பிளாக்கிங்(ஃபால்ஸ்) போட்டு, இணைக்கும் கனெக்ட்டை அழைத்தால் பிளாக்கிங்ஐஓஎரர் என்ற பிழை வந்து விழும். வேலை தொடங்கிவிட்டது என்பதுதான் அதற்குப் பொருள், ஆனாலும் பார்ப்பவர் பதறுவார். கனெக்ட்_எக்ஸ் இதைவிட மேல், அது பிழையை வீசாமல் ஓர் எண்ணைத் திருப்பித் தரும்: லினக்ஸில் 115, மேக்கில் 36, விண்டோஸில் 10035. இந்த எண்களை நேரடியாக எழுதாதீர்கள், பிழை எண்களுக்குப் பெயர் தரும் எர்நோ மாட்யூலிலிருந்து எடுங்கள். அதே கணினிக்குள் இணைக்கும்போது உடனே 0 (இணைந்துவிட்டது) வரவும் வாய்ப்புண்டு.

அடுத்து, சாக்கெட்டில் எழுத முடியும்போது சொல் என்று கேட்கும் ஈவென்ட்_ரைட்டுக்குச் செலக்டரில் பதிவு. பலர் சறுக்குவது இங்கேதான். "எழுதலாம்" என்று சேதி வந்தால் முயற்சி முடிந்தது, அவ்வளவே; மறுமுனை மறுத்திருந்தாலும் இதே சேதிதான் வரும். சாக்கெட்டின் நிலையைப் படிக்கும் கெட்சாக்ஆப்ட்டில், முயற்சியின் பிழை எண்ணான எஸ்ஓ_எரரைக் கேளுங்கள். 0 என்றால் இணைந்தது. லினக்ஸில் 111 என்றால் மறுக்கப்பட்டது. படித்ததும் அந்த மதிப்பு அழிந்துவிடும், ஆகவே ஒரு மாறியில் வைத்துக்கொள்ளவும். இணைந்தபின் ஈவென்ட்_ரைட்டை நீக்க மறந்தால் லூப் சும்மா சுற்றி சிபியுவைத் தின்னும்.

சாக்கெட்டுகளைக் கவனிக்கும் விண்டோஸின் செலக்ட் அழைப்பு, தோற்ற இணைப்பை எழுதும் பட்டியலில் காட்டாது, விதிவிலக்குப் பட்டியலில் காட்டும். செலக்டர்ஸ் இரண்டையும் சேர்த்தே தருகிறது. இது ஒன்றுக்காகவே வெறும் செலக்டை விட்டு இதற்கு மாறலாம்.

பெரிய குறை பெயர்த்தேடல், அதாவது டொமைன் பெயருக்குரிய ஐபி முகவரியை டிஎன்எஸ் சேவையிடம் கேட்டறிவது. கனெக்ட்_எக்ஸுக்கு ஐபி முகவரிக்குப் பதில் டொமைன் பெயரைக் கொடுத்தால், டிஎன்எஸ் பதில் வரும்வரை நிரல் அப்படியே நிற்கும். செட்பிளாக்கிங் அதைத் தொடுவதில்லை. பெயரைத் தேடும் கெட்அட்ரின்ஃபோவைத் தனி த்ரெட்டில் (நிரலுக்குள் இணையாக ஓடும் கிளையில்) ஓட்டத்தான் வேண்டும். காலக்கெடுவும் உங்கள் பொறுப்பே: மறுமுனை பதிலே தராவிட்டால் லினக்ஸ் வழக்கமான அமைப்பில் சுமார் இரண்டு நிமிடம் முயன்றுகொண்டிருக்கும்.

இதற்கு மாற்று, பைத்தானோடு வரும் அசிங்க்ஐஓ மாட்யூல். அதன் ஓபன்_கனெக்ஷன் பெயர்த்தேடலைத் தானே த்ரெட்டுக்குத் தள்ளிவிடுகிறது. பைத்தான் 3.8 முதல் ஹேப்பி_ஐபால்ஸ்_டிலே=0.25 (விநாடி) கொடுத்தால், புதிய வகை முகவரியான ஐபிவி6 வழி அடைபட்டிருக்கும்போது அதிகம் காக்காமல் பழைய வகையான ஐபிவி4-ஐயும் முயலும். காலக்கெடுவுக்கு வெயிட்_ஃபார். சொந்தமாக ஈவென்ட் லூப் (செலக்டரின் சேதிகளைக் கவனித்தபடி சுற்றும் லூப்) எழுதும் தேவை இல்லாதவர்கள் நேராக இதற்கே போகலாம். நாலைந்து இணைப்பு மட்டும் போதுமென்றால் செட்டைம்அவுட்(5) என்று 5 விநாடி காலக்கெடு போட்ட சாதாரண சாக்கெட்டும் சில த்ரெட்டுகளுமே தாராளம்.