மார்கழிக் காலையில் மட்டும் ஒட்டும் பெடல்: ஹைட்ரோஸ்டாட்டிக் டிராக்டரோடு நான்கு ஆண்டுகள்

பள்ளத்தூரை ஒட்டி எங்களுக்கு ஆறு ஏக்கர் தோப்பு இருக்கிறது. தென்னை, நடுநடுவே மா, மிச்சம் செம்மண் காடு. அங்கே புல் வெட்டவும் எரு இழுக்கவும் 2021இல் ஒரு பழைய 24 எச்.பி. சின்ன டிராக்டர் வாங்கினேன். வாங்கும்போது மீட்டரில் 640 மணி நேரம், இன்றைக்கு 1,180. கிளட்ச் மிதித்துக் கியர் மாற்றும் வண்டி இல்லை, ஹைட்ரோஸ்டாட்டிக்; எண்ணெய் அழுத்தத்தில் ஓடுவது. வலது காலுக்கு இரண்டு பெடல்: ஒன்றை மிதித்தால் முன்னால் போகும், மற்றதை மிதித்தால் பின்னால் வரும். காலை எடுத்தால் நிற்க வேண்டும். அப்பச்சிக்கு (அப்பாவுக்கு) இடது முழங்காலில் ஆபரேஷன் ஆனதால்தான் இந்த வகையைத் தேடிப் பிடித்தேன்.

அந்த ‘நிற்க வேண்டும்’ என்பதில்தான் வில்லங்கம் வந்தது.

முதல் மார்கழியில் ஒரு நாள் காலை, வீட்டுக் கொல்லையில் வண்டியைத் திருப்பிக்கொண்டிருந்தேன். காலை எடுத்துவிட்டேன், வண்டி நிற்கவில்லை. நடக்கும் வேகத்தில் தானாகவே முன்னால் ஊர்ந்து, பட்டாலை (கூடம்) தரைக்காக அடுக்கி வைத்திருந்த ஆத்தங்குடிக் கல்லில் போய் முட்டியது. பதினொரு கல் போச்சு. பிரேக்கை மிதித்து எஞ்சினை அணைத்த பிறகு குனிந்து பார்த்தால், முன் பெடல் பாதி அமுங்கினபடியே நிற்கிறது. கையால் தூக்கினேன், மெதுவாக வந்தது. அதே வண்டி மதியம் பன்னிரண்டு மணிக்கு எந்தக் குறையும் இல்லாமல் ஓடியது.

பார்க்க வந்த மெக்கானிக் பத்து நிமிடம் ஓட்டிவிட்டு, “பம்ப் போச்சு சார், உள்ளே தகடு பிடிக்குது” என்றார். ஒரு லட்சத்துப் பத்தாயிரம் ஆகுமாம். எனக்கு மனம் ஒப்பவில்லை. உள்ளே பிடிக்கிற பம்ப் மதியம் மட்டும் எப்படி நல்ல பிள்ளையாகும்?

இந்த வண்டி எப்படி ஓடுகிறது என்பதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எஞ்சின் ஒரே வேகத்தில் சுற்றும். அது ஒரு பிஸ்டன் பம்பைச் சுற்ற வைக்கும். பம்ப் தள்ளுகிற எண்ணெய்தான் சக்கரத்தை ஓட்டும். பம்புக்குள் சாய்கிற தகடு ஒன்று உண்டு. அது நேராக நின்றால் எண்ணெய் நகராது, வண்டியும் நகராது. ஒரு பக்கம் சாய்ந்தால் முன்னால், மறுபக்கம் சாய்ந்தால் பின்னால். சாய்வு கூடக்கூட வேகம் கூடும். பெடல் செய்யும் வேலை, ஒரு கம்பி வழியாக அந்தத் தகட்டின் கையைத் திருப்புவது மட்டுமே. காலை எடுத்ததும் கையை நடுவுக்குக் கொண்டுவர ஒரு கெட்டி ஸ்பிரிங் இருக்கிறது. எங்கள் வண்டியில் ‘வி’ எழுத்துபோல் வெட்டிய ஒரு தகடும், அந்த வெட்டில் வந்து உட்கார ஒரு சின்ன பேரிங்கும் உண்டு. ஆகவே பெடல் ஒட்டுகிறது என்றால் குற்றவாளி பெடலாக இருக்கலாம், கம்பியாக இருக்கலாம், பேரிங்காக இருக்கலாம், பம்பாகவும் இருக்கலாம். பம்பை முதலில் சந்தேகப்படுவது, தலைவலி என்றதும் மண்டையைத் திறப்பது போல.

பிரித்துப் பார்க்கச் செலவே இல்லை. எஞ்சினை அணைத்து, ஹேண்ட் பிரேக் போட்டு, நாலு சக்கரத்துக்கும் கட்டை கொடுத்துவிட்டு, பெடலையும் பம்பையும் இணைக்கும் கம்பியின் பின்னை மட்டும் கழற்றினேன். பம்பின் கையைப் பிடித்துத் தள்ளி விட்டால் ‘டக்’கென்று நடுவுக்கு வந்து உட்கார்ந்தது. பெடலைத் தள்ளினால் தள்ளின இடத்திலேயே நின்றது. ஒரு லட்சம் மிச்சம்.

பெடல் ஏன் ஒட்டியது என்பதற்கு விடை தோப்பில் வண்டி ஓட்டும் அண்ணனிடம் இருந்தது. புரட்டாசியில் ஆயுத பூஜைக்கு வண்டியை வாட்டர் சர்வீஸில் விட்டு, பெடல் இடுக்கெல்லாம் பீய்ச்சி அடித்துக் கழுவினோம். உள்ளே இருந்த கிரீஸ் அன்றைக்கே போயிருக்கும். அப்புறம் ஐப்பசி, கார்த்திகை மழையில் வண்டி பெரும்பாலும் கொட்டகையில் கிடந்தது, பெடல் மாட்டியிருக்கும் ஷாஃப்ட் துருப்பிடித்தது. கொஞ்சம் இறுகினதும் அண்ணன் சும்மா இருப்பாரா? “கதவு கீலுக்கு விடுறதுதானே தம்பி” என்று தேங்காய் எண்ணெயை விட்டிருக்கிறார், ஒரு நாள் இல்லை, இரண்டு மாதமாக. தேங்காய் எண்ணெய் சுமார் 24 டிகிரிக்குக் கீழே போனால் உறைய ஆரம்பிக்கும். மார்கழி விடியலில் பாட்டிலில் உறைகிற எண்ணெய் பெடலிலும்தானே உறையும்! வெயில் ஏறினால் இளகிவிடும். மெக்கானிக்கையும் என்னையும் சுற்றவிட்டது அதுதான். செம்மண் புழுதி வேறு அதோடு குழைந்து, வெளியே எடுத்தபோது புளிக்கரைசல் காய்ந்த மாதிரி இருந்தது.

கழற்றுவது ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை. கால் வைக்கும் தகட்டின் நாலு போல்ட், ஒரு சர்க்கிளிப், பிறகு ஷாஃப்ட். இரும்புச் சுத்தியலால் நேராக அடித்தால் ஷாஃப்டின் முனை மலர்ந்துவிடும்; மரக்கட்டை வைத்துத் தட்டினேன். அசையவில்லை. துரு இளக்கும் ஸ்பிரே அடித்து ராத்திரி முழுக்க விட்டுவிட்டு, காலையில் தட்டினதும் வந்தது. டீசலில் கழுவி, எமரித் தாளால் துருவை எடுத்தேன். ஷாஃப்டைத் தாங்கும் இரண்டு புஷ்ஷில் (உலோக வளையம்) ஒன்று முட்டை வடிவமாகத் தேய்ந்திருந்தது. காரைக்குடியில் ஒரு லேத் பட்டறையில் கன்மெட்டலில் ஜோடியாகக் கடைந்து வாங்கினேன், 450 ரூபாய். அந்த மண் குழம்புக்கு அடியில் ஒரு கிரீஸ் நிப்பிள் இருந்ததே அன்றைக்குத்தான் தெரிந்தது. அடைத்துப் போயிருந்தது, மாற்றினேன். அது 20 ரூபாய்.

மாட்டியதும் வேலை முடிந்துவிடவில்லை. நியூட்ரல், அதாவது பம்பின் தகடு நேராக நிற்கும் நிலை, சரிபார்க்க வேண்டும். நாலு சக்கர இழுவையை எடுத்துவிட்டு, முன் சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, பின்பக்கத்தைத் தூக்கி ஸ்டாண்டில் உட்கார வைத்து எஞ்சினைப் போட்டேன். பெடலில் கால் இல்லாதபோதும் பின் சக்கரம் மெல்லச் சுற்றியது. எஞ்சினை அணைத்து, இணைப்புக் கம்பியின் நீளத்தைக் கால் சுற்று திருப்பி, மறுபடி ஓட்டி, மறுபடி அணைத்து... மூன்றாம் தடவை சக்கரம் அசையாமல் நின்றது. லாக் நட்டை இறுக்கினேன். சுற்றும் சக்கரத்துக்குப் பக்கத்தில் வேட்டியோடு நிற்க வேண்டாம் என்று அண்ணனைத் தள்ளி நிற்கச் சொல்ல வேண்டியிருந்தது.

எட்டு மாதம் கழித்துப் பெடல் மறுபடி மந்தமானது. இந்தத் தடவை குற்றம் என்னுடையது. பயத்தில் வாரா வாரம் கிரீஸ் அடித்தேன். வெளியே பிதுங்கியது எல்லாம் செம்மண்ணைப் பிடித்து வைத்துக்கொண்டது. இப்போது 50 மணி நேரத்துக்கு ஒரு முறை நிப்பிள் வழியாக மட்டும் லித்தியம் கிரீஸ், பிதுங்கினதைத் துணியால் துடைத்துவிடுவேன். திறந்து கிடக்கிற கம்பி மூட்டுகளுக்குக் கிராஃபைட் தூள். துரு இளக்கும் ஸ்பிரேயை மசகு என்று நம்பாதீர்கள். கழற்ற நல்லது, நாலு நாளில் காய்ந்துவிடும். பெடலுக்கு அடியில் மட்டை நாரும் காய்ந்த புல்லும் அடைவதை வாரத்துக்கு ஒரு முறை பிடுங்குகிறோம். அதுவே பாதி வைத்தியம்.

மூன்றாம் ஆண்டு பெடல் துள்ளாமல் மெதுவாகத் திரும்ப வைக்கும் சின்ன டேம்பர் எண்ணெய் கசிந்து போனது. காலை எடுத்தால் பெடல் துள்ளித் திரும்பி, வண்டி முதுகில் குத்தினாற்போல் நிற்கும். சாமான் கிடைக்க ஐந்து வாரம். இந்த வகை வண்டியில் உதிரிக்குக் காத்திருப்பதுதான் உண்மையான செலவு. உழவுக்கும் இதை நான் சிபாரிசு செய்யமாட்டேன். கியர் வண்டியை விட டீசல் கூடக் குடிக்கும், பாரத்தில் எண்ணெய் சூடாகும். மரத்துக்கு மரம் முன்னும் பின்னும் போய்ப் புல் வெட்ட இதற்கு ஈடு இல்லை. அப்பச்சி எழுபத்து மூன்று வயதில் தானே ஏறி ஓட்டுகிறார்.

போன ஆயுத பூஜைக்கு வாட்டர் சர்வீஸ் வேண்டாம், ஈரத்துணி போதும் என்றேன். அண்ணன் முகம் தொங்கிப்போனது. கடைசியில் பெடல் மூட்டுக்கு பிளாஸ்டிக் பை கட்டி, ஹோஸ் பைப்பில் கழுவிக்கொள்ள விட்டேன். பெடலில் மட்டும் சந்தனம் வைக்காதீர்கள் என்று கெஞ்சிக் கேட்டுக்கொண்டேன். அடுத்த நாள் பார்த்தால் இரண்டு பெடலிலும் பொட்டு.