டின்னா, பாட்டிலா: பாலஸ்தீன ஆலிவ் எண்ணெயில் நான் நின்ற இடம்

சூப்பர்மார்க்கெட்டில் கிடைக்கும் 'எக்ஸ்ட்ரா விர்ஜின்', அதாவது முதல்தர ஆலிவ் எண்ணெய்ப் பாட்டில் ஒன்று. பாலஸ்தீன விவசாயிகளின் கூட்டுறவுகளிடமிருந்து அவர்களுக்குக் கட்டுப்படியான விலை கொடுக்கும் நியாய வணிக முறையில் வாங்கி விற்கப்படும் பாட்டில் இன்னொன்று. மூன்றாவது, பாலஸ்தீனத்தின் மேற்குக் கரையில் சல்ஃபீத் ஊர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் ஒரு குடும்பம் தன் தோப்பில் பறித்து, உள்ளூர் ஆலையில் ஆட்டி அனுப்பும் தகர டின். மூன்றையும் லண்டன் வீட்டில் இரண்டு வருடம் மாற்றி மாற்றிப் பயன்படுத்திவிட்டு, டின்னிலேயே நின்றுவிட்டேன். அந்தத் தோப்பு என்னுடன் வேலை செய்யும் தோழியின் குடும்பத்துடையது. எனக்குச் சாய்வு உண்டு என்பதைத் தெரிந்துகொண்டே மேலே படியுங்கள்.

விலையை ஒரு வரியில் முடித்துவிடலாம். டின் வாங்கும் அன்று தொகை பெரிதாகத் தெரியும். மூன்று வீடு சேர்ந்து பங்கிட்டுக்கொண்டால் தெரியாது. உடல்நலக் கணக்கை எல்லோரும் எழுதிவிட்டார்கள்.

என்னை முடிவெடுக்க வைத்தது எண்ணெயின் வயது. ஆலிவ் எண்ணெய், வைத்திருந்தால் மேம்படும் பொருள் கிடையாது. ஆட்டிய நாளிலிருந்து காற்றும் வெளிச்சமும் சூடும் அதைத் தின்றுகொண்டே இருக்கும். சூப்பர்மார்க்கெட் பாட்டிலில் 'இதற்குள் பயன்படுத்தவும்' என்றொரு தேதி இருக்கிறது. அது பெரும்பாலும் பாட்டிலில் அடைத்த நாளிலிருந்து எண்ணப்படுவது. காய் எப்போது பறிக்கப்பட்டது, அதற்குமுன் எண்ணெய் தொட்டியில் எத்தனை மாதம் கிடந்தது என்பதெல்லாம் அதில் தெரியாது. பல பாட்டில்களில் பல நாட்டு எண்ணெய்கள் ஒன்றாகக் கலந்திருக்கும். நான் வாங்கிய ஒரு பாட்டிலைத் திறந்த அன்றே பழைய நிலக்கடலையின் சிக்கு வாடை அடித்தது. தேதி முடிய இன்னும் பல மாதம் இருந்தது.

டின்னைப் பொறுத்தவரை எனக்கு நாளே தெரியும். அங்கே அறுவடை அக்டோபரில் தொடங்கி நவம்பரில் முடிகிறது. முதல் மழை பெய்து இலைமேல் படிந்த கோடைப் புழுதி கழுவப்பட்ட பிறகே காயில் கை வைக்க வேண்டும் என்பது பெரியவர்களின் வழக்கம். மரத்தடியில் விரிப்பை விரித்து, வீட்டில் உள்ள அத்தனை பேரும் கிளைகளைக் கையால் உருவுகிறார்கள். மரங்கள் 'நபாலி' என்ற நாட்டு வகை. கல் அடுக்கிய படிநிலங்களில் மழையை மட்டும் நம்பி நிற்பவை. பறித்த காயை மாலையிலேயே 'மஃஸரா' என்னும் ஆலைக்குக் கொண்டுபோகிறார்கள். சாக்கில் கட்டி நாலு நாள் போட்டுவைத்தால் காய் உள்ளுக்குள் சூடேறி நொதித்து, எண்ணெயில் புளித்த வாடையும் அமிலமும் ஏறிவிடும். 'எக்ஸ்ட்ரா விர்ஜின்' என்று சொல்ல அமிலம் 0.8 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. ஒரு லிட்டர் எண்ணெய்க்கு ஏறக்குறைய ஐந்து கிலோ காய் போகிறது. எண்ணெய் எடுத்த பின் மிஞ்சும் சக்கையான 'ஜிஃப்த்' குளிர்காலத்தில் அடுப்பெரிக்க உதவுகிறது.

ஆனால் பறித்த அன்றே ஆட்டுவது அங்கே விவசாயியின் கையில் மட்டும் இல்லை. இஸ்ரேல் எழுப்பிய பிரிப்புச் சுவருக்கு அப்பால் சிக்கிய தோப்புகளுக்கும் இஸ்ரேலியக் குடியேற்றங்களை ஒட்டிய தோப்புகளுக்கும் போக இஸ்ரேலிய ராணுவத்தின் அனுமதி வேண்டும். சில நாள்தான் வாயில் திறக்கும். அந்த நாட்களில் பழுத்தது பழுக்காதது பார்க்காமல் எல்லாவற்றையும் உருவ வேண்டியிருக்கிறது. வருடம் முழுக்க உழவும் கவாத்தும் இல்லாத மரம் காய்ப்பதும் குறைவு. காஸா போர் தொடங்கிய 2023 அக்டோபருக்குப் பிறகு பல குடும்பங்களால் தோப்புக்குள் காலே வைக்க முடியவில்லை. காய் மரத்திலேயே கிடந்தது. தோழியின் தோப்பு ஊரை ஒட்டி இருப்பதால்தான் எனக்கு டின் வருகிறது. இதை நினைக்காமல் அந்த மூடியை என்னால் திறக்க முடிவதில்லை.

டின் வாங்கினால் நமக்குக் கொஞ்சம் வேலை உண்டு. அங்கே 'தனகா' என்று சொல்லும் டின்னில் 16 கிலோ, அதாவது பதினேழு லிட்டருக்குச் சற்று மேல் பிடிக்கும். வடிகட்டாத எண்ணெய் என்பதால் அடியில் கசண்டு தங்கும். அதில் காயின் நீரும் சதையும் இருப்பதால், அப்படியே விட்டால் அடியிலிருந்து கெடத் தொடங்கும். முதல் வருடம் நான் டின்னை அடுப்புக்குப் பக்கத்தில் வைத்து, தேவைப்படும்போதெல்லாம் சாய்த்து ஊற்றினேன். ஒவ்வொரு முறையும் கசண்டு கலங்கியது. மே மாதத்துக்குள் கடைசி நான்கு லிட்டர் சேற்று வாடை வீசியது. அடுத்த வருடம் வந்த டின்னை இரண்டு வாரம் அசையாமல் வைத்துத் தெளியவிட்டேன். பிறகு மேலிருந்து குவளையால் மொண்டு, காய்ந்த கருநிறப் பாட்டில்களில் கழுத்துவரை நிரப்பி, இருட்டு அலமாரியில் அடுக்கினேன். அடியில் நின்ற ஒரு லிட்டரை முதலில் தீர்த்தோம். அடுத்த செப்டம்பரில் திறந்த பாட்டிலிலும் பச்சைத் தக்காளித் தண்டின் மணம் இருந்தது. விழுங்கியதும் தொண்டையில் சுருக்கென்று ஏறும் காரம்தான் கொஞ்சம் தணிந்திருந்தது. அந்தக் காரத்துக்குக் காரணமான ஓலியோகாந்தல் என்ற சேர்மம் நாளாக ஆகக் குறையும் என்பதால், எண்ணெயின் வயதை நான் தொண்டையால்தான் அளக்கிறேன்.

தனியாக இருப்பவர்களுக்கும், அலமாரியில் இடம் இல்லாதவர்களுக்கும் நான் டின்னைச் சொல்லமாட்டேன். அவர்களுக்கு நியாய வணிகப் பாட்டில் நல்ல வழி. பிரிட்டனின் ஸைதூன் நிறுவனம் கொண்டுவரும் பாலஸ்தீன எண்ணெய் 2009-இல், ஆலிவ் எண்ணெயிலேயே முதலாவதாக, நியாய வணிகத்துக்கான ஃபேர்ட்ரேட் சான்று பெற்றது. நான் வாங்கிய பாட்டில்கள் எல்லாம் ஒரே சீராக இருந்தன. டின்னிடம் அந்தச் சீரை எதிர்பார்க்க முடியாது. ஆலிவ் ஒரு வருடம் கொட்டிக் கொடுத்து மறுவருடம் கைவிரிக்கும் மரம். எனக்குத் தெரிந்தது இரண்டு பருவம் மட்டுமே. எண்ணெய் நிறைய விட்டுப் பொரிக்கும் வேலைக்கு நான் இதைத் தொட்டதும் இல்லை.

ரொட்டியைக் கிழித்து எண்ணெயில் தோய்த்து, தைம் வகை இலையும் எள்ளும் சேர்ந்த ஸஅதர் பொடியில் ஒற்றிச் சாப்பிடுவதற்கு மட்டும் வேறெதையும் இப்போது வாங்குவதில்லை. புது எண்ணெய் வந்ததும் தோழி வீட்டில் முஸக்கன் செய்வார்கள்: வெங்காயத்தை எண்ணெயிலேயே குழைய வதக்கி, சுமாக் என்ற புளிப்புப் பொடி தூவி, ரொட்டிமேல் பரப்பி, அதன்மேல் கோழியை வைப்பது. சாப்பிட்டு முடித்தால் விரல் நுனியிலிருந்து மணிக்கட்டு வரை எண்ணெய் வழியும். போன நவம்பரில் அப்படிச் சாப்பிட்டுவிட்டு வந்த இரவுதான் அடுத்த டின்னுக்குச் சொல்லிவைத்தேன்.